நீண்ட பயணத்தில் எங்கே இறங்குவது: நெடுஞ்சாலை சர்வீசா, கண்ட்ரி பார்க்கா?

#1 ஹாரோவாசி
(ஞாயிறு, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டில் லண்டன் ஹாரோவிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் காரில் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முழங்கால் பூட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

கேள்வியைக் கேட்பதற்கு முன் மே மாத விடுமுறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லீட்ஸ் போய்வந்தோம். போகும்போது ஓரிடத்திலும் வரும்போது இரண்டு இடங்களிலும் நெடுஞ்சாலை சர்வீஸில், அதாவது சாலையோர ஓய்விடத்தில், நிறுத்தினேன். மூன்றாவது இடத்தில் அம்மா காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். "காலையிலிருந்து ஓட்டுகிறாய், திரும்பத் திரும்ப இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறாய். வழி தெரியவில்லையென்றால் யாரையாவது கேட்கக் கூடாதா?" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதே காப்பிக்கடை, அதே பொரித்த வாடை, வாசலில் காசு போட்டால் குலுங்கும் அதே நாற்காலி. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

வழியில் பழுப்பு நிறப் பலகைகளில் 'கண்ட்ரி பார்க்' என்று பார்க்கிறேன். அங்கே நுழைந்து அரை மணி நேரம் கால் நீட்டிவிட்டு வரலாமா? கழிப்பறை இருக்குமா? பாதையை விட்டு வெகுதூரம் விலக வேண்டியிருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஈரக்காலணி
(ஞாயிறு, இரவு 10.15)

தாராளமாகப் போகலாம். நாங்கள் ஏழெட்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம். அரை மணி நேரம் மட்டும் நிற்கிறீர்கள் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தப் பூங்காக்களே காரில் வருகிறவர்களை நினைத்து உண்டாக்கியவைதான். 1968இல் கொண்டுவந்த நாட்டுப்புறச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு இவற்றை அமைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அப்போதுதான் வீட்டுக்கு வீடு கார் வரத் தொடங்கிய காலம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நகரத்து ஜனம் முழுக்க ஏரி மாவட்டத்துக்கும் பீக் மாவட்டத்துக்கும் படையெடுத்தால் அந்த இடங்கள் தாங்குமா? நகரத்துக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்துமிடம், கழிப்பறை, நடைபாதை, உட்கார மேசை எல்லாம் வைத்து ஒரு பச்சை நிலத்தைக் கொடுத்துவிட்டால் பாதிக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால்தான் பல பூங்காக்கள் பெரிய சாலைகளை ஒட்டியே இருக்கின்றன.

இன்னொன்று, இவற்றில் பல இயற்கை வனப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. பழைய ஜல்லிக்குழி, நிலக்கரி தோண்டிய பள்ளம், விற்றுப்போன ஜமீன் மாளிகைத் தோட்டம், இப்படி. ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் எம்1 நெடுஞ்சாலையின் ஜங்ஷன் 31இல் இறங்கினால் வரும் ராதர் வேலி, திறந்தவெளிச் சுரங்கமாக நிலக்கரி வெட்டியெடுத்த இடம். இன்று நான்கு ஏரிகள். நீங்கள் லீட்ஸ் போனபோது அதைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள்.

எனக்குப் பிடித்தது இன்னும் வடக்கே, ஜங்ஷன் 38இல் இறங்கினால் வரும் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்கா. 1977இல் தொடங்கியது. ஹென்றி மூரின் வெண்கலச் சிலைகளுக்கு நடுவே செம்மறிகள் மேய்ந்துகொண்டிருக்கும். சிலையின் வளைவில் ஓர் ஆடு முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொள்வதை என் மகன் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கலையைப் பார்த்தானா ஆட்டைப் பார்த்தானா என்று கேட்காதீர்கள். கட்டணம் உண்டு, அரை மணி நேரத்துக்குக் கட்டுப்படியாகாது. சாப்பாட்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போகலாம்.

#3 ஏ9 வீதி
(திங்கள், அதிகாலை 5.05)

நான் லொறி ஓட்டுகிறவன். யாழ்ப்பாணம் போகிற ஏ9இலும் ஓட்டியிருக்கிறேன், இன்வர்னஸ் போகிற ஏ9இலும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

சர்வீஸ் என்றால் எல்லோருக்கும் இளக்காரமாகப் போய்விட்டது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்தீர்களா? 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், கழிப்பறை இலவசம், முதல் இரண்டு மணி நேரம் வாகனம் நிறுத்துவது இலவசம். இதெல்லாம் அவர்களுடைய தாராள மனம் அல்ல, விதி. அரை மணி நேர ஓட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து அமைக்கிறார்கள். கண் சொக்கினால் அடுத்த இடம் எங்கே என்று தேட வேண்டியதில்லை, மைல் கணக்கோடு பலகை வரும்.

நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது எங்களுக்குச் சட்டம். கார்காரர்களுக்குச் சட்டம் இல்லை, சாலை விதி நூலில் 91ஆம் விதி அறிவுரையாக மட்டும் சொல்கிறது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம். அதே விதியில் தூக்கத்துக்கு மருந்தும் இருக்கிறது. இரண்டு கோப்பை கோப்பி குடித்துவிட்டு 15 நிமிடமாவது கண்ணை மூடு என்கிறது. பூவைப் பார், வாத்தைப் பார் என்று எழுதியிருக்கவில்லை.

நான் கண்ட கூத்து என்னவென்றால், சனங்கள் 'அந்தப் பூங்கா வந்துவிடும், வந்துவிடும்' என்று மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பிறகு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு கிராமத்துச் சந்துக்குள் களைத்த கண்ணோடு வளைந்து நெளிந்து போவார்கள். எதிரே உழவு இயந்திரம் வரும். இது இளைப்பாறுதலா, தம்பி?

#4 ஈரக்காலணி
(திங்கள், காலை 8.20)

ஏ9 அண்ணா, நீங்கள் இரவில் தனியாக லாரி ஓட்டுகிறீர்கள். இவர் பகலில் பாட்டி பேரப்பிள்ளைகளோடு போகிறார். இரண்டும் ஒரே பயணமா? ஐந்து வயதுப் பையனைச் சர்வீஸில் இறக்கினால் அவன் நேராகப் பொம்மை எடுக்கும் இயந்திரத்துக்குத்தான் ஓடுவான். இருபது பவுண்டு செலவாகும், கால் வலி அப்படியே இருக்கும், காருக்குத் திரும்பும்போது அழுகை வேறு. புல்லில் இறக்கிவிட்டால் பத்து நிமிடம் தலைதெறிக்க ஓடிவிட்டு வந்து தூங்கிவிடுவான்.

#5 ஏ9 வீதி
(திங்கள், காலை 8.41)

தூங்குவது பிள்ளை. ஓட்டுவது தகப்பன். நான் தகப்பனைப் பற்றிப் பேசுகிறேன்.

#6 லூயிஷம் அக்கா
(திங்கள், பகல் 12.30)

இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள். நான் ஆண்டுதோறும் லூயிஷமிலிருந்து வேல்ஸில் கார்மார்தன் பக்கம் இருக்கிற ஸ்கந்த வேல் முருகனிடம் போய்வருகிறேன். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். எம்4ஐ விட்டு எங்கும் விலகாமல் முன்பெல்லாம் ஒரே மூச்சில் போவோம். போய் இறங்கும்போது ஆளுக்காள் முகம் கடுகடுவென்று இருக்கும், அந்த முகத்தோடுதான் முருகனைக் கும்பிடுவோம்.

ஒருமுறை எங்கள் மருமகன் தாங்க முடியாமல் போர்ட் டால்பட் பக்கம், ஜங்ஷன் 38இல் இறக்கிவிட்டார். அந்த இடத்தைச் சாலையிலிருந்து பார்த்தால் இரும்பாலைதான் தெரியும், யாருக்கும் இறங்கத் தோன்றாது. ஆனால் இறங்கிய சில நிமிடங்களில் மார்கம் கண்ட்ரி பார்க். 12ஆம் நூற்றாண்டு மடாலயத்தின் இடிபாடு, அதற்குப் பின்னால் பெரிய மாளிகை, மேட்டில் மான் கூட்டம். தோடை (ஆரஞ்சு) மரங்களைக் குளிரிலிருந்து காப்பாற்றவென்று 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கண்ணாடிச் சாளரக் கட்டடமும் இருக்கிறது. 327 அடி நீளம், பிரிட்டனிலேயே நீளமானது. ஒரு தோடம்பழத்துக்கு இவ்வளவு பெரிய வீடா என்று என் அக்கா வாயைப் பிளந்தார். நாங்கள் இத்தனை பேர் கவுன்சில் வீட்டுக்கு எத்தனை வருடம் காத்திருந்தோம் என்றும் சொன்னார், அதை விடுங்கள்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் தங்குமடம். இடியப்பம், சொதி, சம்பல் கட்டிக்கொண்டு போவோம். சொதியைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போக வேண்டும், மூடிக்கு உள்ளே ஒரு சுற்று பொலித்தீன் வைத்து இறுக்க வேண்டும். ஒரு வருடம் அதை வைக்க மறந்து, கார்டிஃப் வரைக்கும் காருக்குள் சொதி வாசம், திரும்பி வந்து மூன்று வாரம் வரைக்கும் அதே வாசம்.

தம்பிக்கு ஒரு புத்தி. தாயாருக்கு முழங்கால் சரியில்லை என்றால் பூங்காவின் கார் நிறுத்துமிடத்திலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் மரங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பூட்டியிருக்கும், அதற்கு ராடார் சாவி என்று ஒன்று உண்டு. 1981இலிருந்து நாடு முழுவதும் ஒரே சாவி. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அதை வாங்கி வைத்திருப்பது நல்லது.

#7 ஹாரோவாசி
(திங்கள், மாலை 6.55)

அக்கா, ராடார் சாவி பற்றி இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன், மிக்க நன்றி. புளியோதரையும் தயிர்சாதமும் எங்கள் திட்டம், சொதி அளவுக்கு ஆபத்து இல்லை.

ஈரக்காலணி நண்பரே, எங்கள் பாதை எம்1, பிறகு எம்6, கடைசியில் எம்74. வரைபடத்தில் பார்த்தால் மில்டன் கீன்ஸில் வில்லன் ஏரி எம்1ஐ ஒட்டியே இருக்கிறது. அங்கே முதல் நிறுத்தம் வைக்கலாமா?

#8 ஈரக்காலணி
(திங்கள், இரவு 9.10)

வில்லன் அருமையான இடம். ஏரிக்கரையில் நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானிய பௌத்த சங்கத்தினர் 1980இல் கட்டிய வெள்ளை அமைதி ஸ்தூபி இருக்கிறது. மேற்கு நாடுகளில் எழுந்த முதல் அமைதி ஸ்தூபி அதுதான். அம்மா ஒரு சுற்று வலம் வந்துவிடுவார். ஆனால் ஹாரோவிலிருந்து புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். பிள்ளைகள் இன்னும் சண்டை போடக்கூடத் தொடங்கியிருக்க மாட்டார்கள். அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். வீடு நெருங்க நெருங்கத்தான் அலுப்பு அதிகமாகும்.

போகும்போது கோவன்ட்ரி பக்கம், எம்6 ஜங்ஷன் 2இல் இறங்கி கூம் ஆபி. பத்து நிமிடம் விலக வேண்டும். பழைய மடாலயம் இப்போது ஓட்டல் ஆகிவிட்டது, சுற்றியிருக்கும் நிலமும் ஏரியும் கவுன்சிலின் பூங்கா. ஏரியின் மரங்களில் சாம்பல் நாரைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும், ஆனால் நீங்கள் போகும் ஆகஸ்டில் கூடுகள் காலியாக இருக்கும். வேடந்தாங்கலை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

செஷயரில் ஜங்ஷன் 19இல் டாட்டன் பார்க் இருக்கிறது, மான்கள் உண்டு. காருக்கு நுழைவுக் கட்டணம் கொஞ்சம் கடுமை. நாள் முழுக்க இருப்பவர்களுக்குத்தான் அது.

#9 பிரெஸ்டன் மைனா
(திங்கள், இரவு 10.02)

டாட்டனில் காசு கொடுப்பதற்கு இன்னும் முப்பத்தைந்து மைல் பொறுத்து எங்கள் ஊருக்கு வாருங்கள். ஜங்ஷன் 31இல் இறங்கியவுடனேயே பிராக்ஹோல்ஸ். கண்ட்ரி பார்க் அல்ல, லங்காஷயர் வனவிலங்கு அறக்கட்டளையின் பறவைக் காப்பகம். சாலையை விட்டு விலகுகிறோம் என்ற எண்ணமே வராத அளவுக்குப் பக்கம். இதுவும் பழைய ஜல்லிக் குவாரிதான். 2011இல் திறந்தார்கள். உணவகம், கடை, கழிப்பறை எல்லாம் தண்ணீரில் மிதக்கும் மேடையில் இருக்கின்றன. ரிப்பிள் ஆறு பெருகினால் கட்டடமும் கூடவே எழும்பும்.

அங்கே நின்றால் எம்6இன் இரைச்சல் கேட்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துண்டு சாதாரண எம்6 அல்ல. 1958 டிசம்பரில் திறந்த பிரெஸ்டன் புறவழிச்சாலை, பிரிட்டனின் முதல் மோட்டார்வே. எட்டு மைல்தான். அந்த எட்டு மைலிலிருந்துதான் மற்றதெல்லாம் முளைத்தது. நாணலுக்குள் உட்கார்ந்து கேட்டால் அந்த இரைச்சலும் கொஞ்ச நேரத்தில் கடலலை மாதிரி ஆகிவிடும், அதற்குள் ஒரு நாணல் கதிர்க்குருவி கத்தினால் அவ்வளவுதான், லாரியாவது ஒன்றாவது.

கார் நிறுத்தக் கட்டணம் உண்டு. நாய்க்கு அனுமதி இல்லை.

#10 குளவிக்கூடு
(செவ்வாய், காலை 7.30)

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் பட்டதையும் கேளுங்கள்.

ஒன்று. காரின் கூரையில் சாமான் பெட்டி வைத்துக்கொண்டு போகாதீர்கள், அல்லது உயரத்தை அளந்துகொண்டு போங்கள். பல பூங்காக்களில் வாகன வீடுகளை நிறுத்தி இரவில் தங்குவதைத் தடுக்க நுழைவாயிலில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள். நான் ஒரு பூங்காவில் கம்பியைப் பார்த்தேன், கூரைமேல் பெட்டி இருப்பதை மறந்துவிட்டேன். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பின்னால் மூன்று கார்கள். பின்னோக்கி எடுக்கவும் முடியவில்லை. ஒரு முதியவர் இறங்கி வந்து, எங்கள் டயர்களில் இருந்து கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார். இறக்கியதும் இரண்டு விரல் இடைவெளி கிடைத்தது. மனைவி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. பெட்டிக்குள் இருந்தது அவள் தம்பிக்குக் கொண்டுபோன சீர்ப்பாத்திரம்.

இரண்டு. டிசம்பரில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். 'அந்தி சாயும்போது கதவு மூடப்படும்' என்று பலகை சொல்லும். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் நாட்டில் அந்தி என்றால் என்ன மணி என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மூன்றரை மணிக்கு உள்ளே போனோம், நாலேகாலுக்குத் திரும்பினால் கதவில் சங்கிலி. எண்ணுக்குப் போன் போட்டு ஆள் வந்து திறக்க ஒன்றரை மணி நேரம்.

மூன்று. கட்டண இயந்திரத்தில் வண்டி எண்ணை அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டேன், பூஜ்யத்துக்குப் பதில் ஓ. காசு கட்டியும் வீட்டுக்கு அபராதக் கடிதம் வந்தது. சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பினேன்.

#11 ஏ9 வீதி
(செவ்வாய், காலை 7.44)

மூன்றில் எதுவும் சர்வீஸில் நடக்காது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

#12 லூயிஷம் அக்கா
(செவ்வாய், காலை 9.15)

அபராதக் கடிதம் சர்வீஸிலும் வரும் தம்பி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நித்திரை கொண்டுபோய் நாங்கள் வாங்கியிருக்கிறோம்.

#13 ஏ9 வீதி
(செவ்வாய், இரவு 11.50)

அக்கா சொன்னால் சரி.

இன்றைக்கு எனக்கு ஓய்வு நாள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஹாரோத் தம்பி, நான் பூங்காவுக்கு எதிரி அல்ல. நான் சொல்வது இதுதான்: உடம்பு கேட்கிற ஓய்வு வேறு, நீங்களாகத் திட்டம் போட்டு எடுக்கிற ஓய்வு வேறு. கண் எரிகிறது, கொட்டாவி வருகிறது, போன ஐந்து மைல் எப்படிப் போனது என்று நினைவில்லை. அப்போது அடுத்து வருகிற சர்வீஸ் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதற்குள் போய்விடுங்கள். அந்த நிலையில் பூங்காவைத் தேடாதீர்கள். தெம்பாக இருக்கும்போது, நேரத்தைப் பார்த்து, வழியை முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டு போகிற நிறுத்தம் என்றால் பூங்காவுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது.

அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்பி வழிகாட்டிக் கருவியில் போடாதீர்கள். பூங்காவுக்கு நாலு வாசல் இருக்கும், கருவி உங்களைப் பூட்டிக் கிடக்கும் பண்ணை வாசலில் கொண்டுபோய் விடும். கார் நிறுத்துமிடத்தை வரைபடத்தில் கண்ணால் பார்த்து அதையே குறியுங்கள். பெற்றோலை நெடுஞ்சாலைக்கு வெளியே அடியுங்கள், விலை வித்தியாசம் உங்கள் பூங்காக் கட்டணத்தைக் கொடுத்துவிடும்.

உங்கள் பாதைக்கு என் கணக்கு: கூம் ஆபி, பிறகு இரண்டு மணி நேரத்தில் பிராக்ஹோல்ஸ், பிறகு ஒரு மணி நேரம் போய் டீபே சர்வீஸ். அதைச் சர்வீஸ் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்த ஊர் விவசாயக் குடும்பம் ஒன்று 1972இல் தொடங்கியது. வாத்துக்குளம் இருக்கிறது, பின்னால் மலை இருக்கிறது, பண்ணைக் கடை இருக்கிறது. அம்மா அதை முந்தின இடத்தோடு குழப்பிக்கொள்ள மாட்டார், நான் உத்தரவாதம். அதற்குப் பிறகு கிளாஸ்கோ வரை இரண்டேகால் மணி நேரம்.

#14 மதர்வெல் மருமகள்
(புதன், காலை 6.40)

கடைசியில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவீர்கள். எம்74 ஜங்ஷன் 5இல் ஸ்ட்ராத்க்ளைட் கண்ட்ரி பார்க். கிளாஸ்கோவுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் என்பதால் ஓய்வுக்காக நிற்க வேண்டியதில்லை. தங்கை வேலையிலிருந்து வர நேரமாகும் என்றால் அங்கே காத்திருக்கலாம். பெரிய ஏரி, சுற்றிலும் சமதளப் பாதை, அம்மாவுக்கு வசதி. ரோமானியர் காலத்துக் குளியல் மண்டபத்தின் இடிபாடும் இருக்கிறது.

ஏரி 1970களில் செயற்கையாக உண்டாக்கியது. அதன் அடியில் பாத்வெல்ஹா என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமம் இருந்தது. சுரங்கம் மூடியபின் வீடுகளை இடித்துவிட்டு, அந்த இடத்தில்தான் தண்ணீரை விட்டார்கள்.

நீளமான புல்லில் பிள்ளைகள் புரண்டால் இரவில் கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருக்கலாம். ஸ்கொட்லாந்தில் அது விளையாட்டு இல்லை, லைம் நோய் வரும். என் மாமியார் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

#15 மட்டுறுத்துநர்
(புதன், காலை 9.00)

இழையை 'பயணம்' பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். சொதி குறித்த கேள்விகள் எனக்குத் தனிமடலில் வருகின்றன, அவற்றை 'சமையல்' பகுதியில் கேட்கவும்.

#16 ஹாரோவாசி
(மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு, இரவு 10.30)

போய்வந்துவிட்டோம். கணக்குக் காட்ட வேண்டிய கடமை இருக்கிறது.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். கூம் ஆபிக்கு எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம், தூறல். மேசை முழுக்க ஈரம். அம்மா கைப்பையிலிருந்து அப்பாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து, பலகையை மூலை விடாமல் துடைத்து, பிழிந்து, மறுபடி துடைத்து, அதற்கப்புறம்தான் எங்களை உட்காரவிட்டார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்ததும் புளியோதரை வாசத்துக்கு ஒரு கனடா வாத்து வந்து நின்றது. அப்புறம் நான்கு. அப்புறம் என் மகன் மேசைமேல் ஏறி நின்றான். அம்மா மட்டும் அசையவில்லை, வீட்டுத் திண்ணையில் காக்காயை விரட்டுவதுபோல் துண்டை ஒரு வீசு வீசினார். ஐந்தும் போய்விட்டன.

குளவிக்கூடு நண்பரே, கூரைப்பெட்டி இல்லாமல் போனோம். நன்றி.

பிராக்ஹோல்ஸைத் தவறவிட்டோம். ஸ்டாஃபர்டுக்கு அப்பால் ஏதோ விபத்து, ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். ஜங்ஷன் 19 தாண்டும்போது எனக்குக் கண் எரிய ஆரம்பித்தது. பூங்காவுக்கு முப்பது மைலுக்குமேல் இருந்தது, மகள் வேறு மிதக்கும் கட்டடம், மிதக்கும் கட்டடம் என்று பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தாள். ஏ9 அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்தது. அடுத்த சர்வீஸில் நுழைந்துவிட்டேன். அம்மா வாசலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்தேன், இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கினேன். மகள் இரண்டு நாள் என்னை மன்னிக்கவில்லை. திரும்பி வரும்போது அழைத்துப்போய்க் காட்டிய பிறகுதான் சமாதானம்.

டீபேயில் அம்மா வாத்துக்குளத்தைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "இது வேற இடம்" என்று அவராகவே சொன்னார்.

தங்கை ஏழு மணிக்குத்தான் வருவாள் என்பதால் ஸ்ட்ராத்க்ளைடிலும் நின்றோம். வெயில் வந்திருந்தது. ஏரியைப் பார்த்தபடி நடந்தபோது, இதற்கடியில் ஒரு ஊர் இருந்ததாம் என்று மதர்வெல் சகோதரி எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். நாங்கள் மேட்டூர்க்காரர்கள். அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் நந்தி வெளியே வரும், தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது தாத்தா கூட்டிப்போய், நம் பெரியவர்கள் குடியிருந்த ஊர் இதோ இங்கேதான் என்று சேற்றில் கைகாட்டுவாராம். அதையெல்லாம் சொல்லிக்கொண்டே பாதி ஏரியைச் சுற்றிவிட்டார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் அதற்கும் சேர்த்து வலித்தது, அது வேறு கதை.

மதர்வெல் சகோதரிக்கு அம்மாவின் கேள்வி ஒன்று இருக்கிறது. கோடையில் இந்த ஏரியில் தண்ணீர் இறங்குமா? இறங்கினால் அங்கே ஏதாவது தெரியுமா?

#17 மதர்வெல் மருமகள்
(திங்கள், காலை 7.05)

நான் இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. தண்ணீர் இறங்கி நான் பார்த்ததில்லை. வீடுகளை முன்பே இடித்துவிட்டதால் தெரிவதற்கும் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார், அந்தக் கிராமத்தில் பிறந்தவர். அவரிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.